உட்காருவதற்கு ஒரு மசோதா

“காலைலேருந்து நின்னுகினே கீறியே, உக்காரவே மாட்டியாம்மா?”

வடிவிடம் அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவர் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. கங்காதரன். 1985 ஆடி மாதத்தில் ஒரு நாள், மனைவிக்குப் புடவை எடுக்க ஆவடி பஜாரிலிருந்த பரந்தாமனின் ஜவுளிக்கடைக்கு வந்திருந்தார். வடிவு கையிலிருந்த புடவையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அடுத்தாற்போல் நின்ற சாமுண்டீஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

“உக்காந்தா தூங்கிடுவோமாங்க. மொதலாளி சொல்லிக்கீறாரு.”

கடையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். கங்காதரன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார். புடவை காட்டும் பெண்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு ஸ்டூல்கூட இல்லை.

வடிவுக்கு அப்போது பதினேழு வயது. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அம்மா போன பிறகு மேனாம்பேட்டில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்கு அவளைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவள் அங்கே இருப்பதே அண்ணிக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான். காலையில் அம்பத்தூரில் ரயில் ஏறினால், இடம் கிடைக்கும் நாளில் ஆவடி வரைக்கும் உட்காருவாள். பிறகு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சாப்பாடும் கிடங்கில் நின்றபடியேதான். முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்தது. அதை அவள் யாரிடமும் காட்டியதில்லை. காட்டுவதற்கு யாரும் இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கங்காதரன் தனியாக வந்தார். எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் இருபது வருடம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். நின்று வேலை செய்தவர். எத்தனை மணி நேரம், கால் வீங்குமா, மாதவிலக்கு நாளில் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார். கல்லாவில் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் ஒருத்தியும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பேச முடியாதவர்கள் எழுதியாவது அனுப்புங்கள் என்று விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

வடிவு எழுதினாள். பழைய நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து நான்கு பக்கம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எப்படிப் பாரத்தை மாற்றுவது, கஸ்டமர் பார்க்காதபோது அலமாரியில் முதுகை எப்படிச் சாய்ப்பது, மூன்று மணிக்கு மேல் காலில் உணர்வு போய்விடுவதால் அதற்குப் பிறகுதான் சிரித்த முகமாக வியாபாரம் செய்ய முடிகிறது என்பது வரைக்கும் எழுதினாள். பெயர் போடவில்லை. ஆவடியில் தபாலில் போட்டால் யாருக்காவது தெரிந்துவிடும் என்று பயந்து அம்பத்தூரில் போட்டாள்.

மறு வருடம் பிப்ரவரியில் பேப்பரில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு செய்தி வந்தது. கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை அளிக்கத் எம்.எல்.ஏ. கங்காதரனின் தனி உறுப்பினர் மசோதா தாக்கல் என்று. தாக்கல் என்றால் தொடக்கம்தான், இன்னும் விவாதம் இருக்கிறது, ஓட்டெடுப்பு இருக்கிறது என்பதெல்லாம் ஆவடியில் யாருக்குத் தெரியும்? கட்சிக்காரர்கள் பஸ் நிலையத்தில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். ‘உழைக்கும் பெண்களை உட்கார வைத்துச் சட்டம் தந்த அண்ணன்’ என்று சுவரெல்லாம் போஸ்டர். ஜவுளிக்கடைக்கு எதிர்ச் சுவரிலும் ஒன்று ஒட்டினார்கள்.

வடிவு அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். வீட்டில் தண்ணீர்க் குடம் வைக்கும் மர ஸ்டூலை எடுத்துப் போகட்டுமா என்று அண்ணியைக் கேட்டாள். எதற்கு என்றுகூட அண்ணி கேட்கவில்லை. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கடையில் போட்டு உட்கார்ந்தாள்.

பரந்தாமன் வந்தார். இது என்ன கூத்து என்று கேட்டார். வடிவு பேப்பர்த் துண்டை நீட்டினாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். வாசலுக்குப் போய் எதிர்ச் சுவர் போஸ்டரையும் ஒரு முறை படித்தார். திரும்பி வரும்போது தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டம் என்றால் அவருக்குப் பயம். கஸ்டமர் இல்லாத நேரத்தில் மட்டும் என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் அந்த ஸ்டூல் அங்கே இருந்தது. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரி வடிவை ‘வக்கீலம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மதியம் சாப்பிடும்போது, தனியாக மூலையில் நின்று சாப்பிடுகிறவளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். இன்னொருத்தி தன் மாமியாரின் கதையைச் சொல்லி, நீயே தீர்ப்புச் சொல்லு வக்கீலம்மா என்றாள். வடிவு பேசினாள். அந்த மூன்று வாரத்தில் அவள் பேசியது, கடைக்கு வந்த இரண்டு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டுப் பரந்தாமன் வேறு முகத்தோடு திரும்பினார். அங்கே விவரம் தெரிந்த யாரோ, சட்டமா, எந்த கெஜட்டில் வந்தது என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஊரிலேயே கடைப் பெண்களை உட்கார வைத்த ஒரே ஆள் நீதான் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அவர் ஸ்டூலைத் தானே தூக்கிக் கொண்டுபோய்க் கிடங்கில் போட்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தச் சட்டத்தைக் கையில கொண்டா. இல்லாங்காட்டி நீயும் வராத.”

மற்ற மூன்று பேரும் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் கிடங்கில் வடிவு சோற்று டப்பாவைத் திறந்தபோது, அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் கோவில்பதாகைக்குப் போனாள். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் மனு கொண்டு வந்தவர்கள் இருபது பேர் இருந்தார்கள். தன் முறை வந்தபோது பேப்பர்த் துண்டை மேசை மேல் வைத்து, இந்தச் சட்டத்தின் நகல் வேண்டும் என்று கேட்டாள். பிறகு, நான்கு பக்கம் எழுதியது நான்தான் என்றும் சொன்னாள்.

கங்காதரன் எழுந்தே விட்டார். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளின் நகலை எடுத்து விரித்தார். மசோதாவின் மேல் அவர் பேசிய பேச்சு ஒன்பது பக்கம் இருந்தது. நடுவில் அவளுடைய வரிகள் அப்படியே அச்சாகியிருந்தன. கடைசியில், அரசு இதைப் பரிவுடன் பரிசீலிக்கும், உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டதும், உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றதும் இருந்தன. தேதியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை அவள் முறை வந்து கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் விளக்கிச் சொன்னார். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தனியாகக் கொண்டுவரும் மசோதா அந்த அவையில் ஜெயிக்காது. அமைச்சர் கேட்டுக்கொண்டால் திரும்பப் பெறுவதுதான் வழக்கம். பிடிவாதம் பிடித்து ஓட்டுக்கு விட்டால் தோற்றுப்போய் ஒன்றும் மிஞ்சாது. திரும்பப் பெற்றால் அமைச்சரின் உறுதிமொழியாவது ஏட்டில் நிற்கும். இதுவரை அவர் கொண்டுவந்தது இரண்டு மசோதா. இரண்டும் இப்படித்தான். மற்றவர்கள் கொண்டுவந்த சட்டங்களுக்குப் பதினான்கு திருத்தம் கொடுத்ததில் ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். கிணறு ஆழப்படுத்த அனுமதி கேட்டால் முப்பது நாளில் பதில் என்று இருந்ததைப் பதினைந்து நாளாக்கியது. அந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். அடிக்கடி பிரித்துப் பிரித்து அதன் ஓரம் அழுக்கேறியிருந்தது. வீட்டில் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை போலிருக்கிறது என்று வடிவுக்குத் தோன்றியது.

“போஸ்டர்ல சட்டம்னு போட்டிருந்துச்சுங்களே?”

அவர் அந்தப் பக்கத்தின் அழுக்கேறிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

“நம்ம ஆளுங்க ஒட்டிட்டாங்கம்மா. கிழிச்சிடுங்கடான்னு நானும் சொல்லல.”

வெள்ளிக்கிழமை தானே கடைக்கு வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடி வந்தார். பரந்தாமன் நாற்காலி போட்டு, கோலி சோடா வரவழைத்து, சால்வையும் போர்த்தினார். கங்காதரன் ஏட்டை விரித்து அமைச்சரின் உறுதிமொழியை வாசித்தார். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கிறவரைப் போலப் பரந்தாமன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

“பரிசீலிச்சு முடிக்கட்டும் சார். அன்னிக்கே நாலு நாற்காலி வாங்கிப் போட்றேன். இப்ப உங்க வார்த்தைக்காக இந்தப் பொண்ணு வேலைல இருக்கட்டும். முன்ன மாரி நின்னுகினு.”

கங்காதரன் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. உக்கார எடம் வேணுமா, வேணாமா?”

“எங்களுக்குப் பழகிப்போச்சுங்க சார்” என்றாள் சாமுண்டீஸ்வரி. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

இனி வடிவு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும், வேலை அவளுடையது. சும்மா இருப்பது அவளுக்குத் தெரிந்த வேலைதான். கங்காதரனும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருந்தது. அவர் கை அதற்குள் ஏட்டை மூட ஆரம்பித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்கு அந்த ஒன்பது பக்கமும், நடுவில் அச்சாகியிருந்த தன் வரிகளும் நினைவுக்கு வந்தன.

“எனக்கு உக்காரணுங்க” என்றாள்.

பரந்தாமன் சத்தம் போடவில்லை. “அப்ப ஊட்லயே போய் உக்காந்துக்கம்மா” என்றார்.

எல்லோரும் கங்காதரனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். “நான் இன்னா சொல்றேன்னா பரந்தாமா…” என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு குடும்பம் கல்யாண ஜவுளி எடுக்கப் படியேறி வந்தது. பரந்தாமன் வாங்க வாங்க என்று அவர்கள் பக்கம் போய்விட்டார். சாமுண்டீஸ்வரி அலமாரியிலிருந்து பட்டுப் புடவைகளை இறக்க ஆரம்பித்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் இறக்கினாள்.

வடிவு கிடங்குக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைத் தாண்டும்போது கங்காதரன் பாதி எழுந்தார்.

“அடுத்த சட்டசபைக் கூட்டத்துல கேள்வி எழுப்பறேம்மா” என்றார்.

அவள் வாசலில் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். படியிறங்கி, ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.