அக்காவுக்காக ஒரு நோன்பு

மூன்றாம் நாள் காலையில் பெனிசோனிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டோங்கா தீவுநாட்டின் தலைநகரான நுக்குஅலோஃபாவில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தவன், தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. உள்ளே அவன் அக்கா லவீனியாவுக்குச் சர்க்கரை நோயால் கால் அழுகிவிட்டது. இன்று முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள். அவள் உயிரோடு வெளியே வரும்வரை சாப்பிடுவதில்லை என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

இவனுக்கும் அதே சர்க்கரைதான். நோன்பு சாப்பாட்டுக்குத்தானே, மருந்துக்கு இல்லையே என்று மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். அதுவும் வெறும் வயிற்றில்! இந்த அறிவாளியை என்னவென்று சொல்வது?

"மயங்கி விழுந்தா உங்களையும் பக்கத்துக் கட்டில்ல போடுவாங்க," என்று அவித்த சேப்பங்கிழங்கை நீட்டினாள் மனைவி கலோலைனே. "ஒரு வாய் தின்னுங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்."

"நான் தின்னு, அக்கா செத்துட்டா? நீயா பதில் சொல்லுவ?"

கலோலைனே விறுவிறுவென்று உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "போங்க. உங்க அக்கா கூப்பிடறாங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீசை முளைத்த நாளிலிருந்து அக்கா இருக்கும் அறைக்குள் அவன் நுழைந்ததில்லை. அவள் எதிரில் உண்டதில்லை, வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டோங்காவில் தம்பி அக்காவுக்குக் காட்டும் மரியாதை அப்படி. அவள் சொல்லைத் தட்டக் கூடாது என்பதும் அதே மரியாதைதான். மனைவி கையில் திணித்த கிழங்கோடு போய், கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"யாருக்காகடா பட்டினி கெடக்கற?"

"உங்க உசுருக்காக."

"கால் போனா கட்டைக்கால் வெச்சுக்குவேன். நீ போயிட்டா எதைடா வெச்சுக்கறது? திரும்பு. என் முன்னாடி தின்னு. கர்த்தர் கேட்டா, அக்கா சொன்னான்னு சொல்லு."

திரும்பினான். எத்தனையோ வருஷம் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. டாக்டர் சொன்னபடி நேற்றிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உதடு வெடித்துக் கிடந்தது. ஐயோ, இவளைப் பட்டினி போட்டுவிட்டு நான் தின்பதா!

கடித்தான். தன் கையாலேயே அவளைக் கொல்வது போல இருந்தது. விழுங்க முடியாமல் அழுதான். அவள் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உப்பே இல்லக்கா," என்றான், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

லவீனியா சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்போதுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது.

"மிச்சத்தையும் தின்னு," என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆபரேஷன் அறைக் கதவு சாத்திக்கொண்டது. பெனிசோனி தரையில் உட்கார்ந்து மீதிக் கிழங்கையும் தின்று முடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு முழந்தாளிட்டான்.

"வாக்கை மீறினது நான் கர்த்தரே. தண்டனைய எனக்குக் குடுங்க. அவங்கள விட்டுடுங்க."