வெறும் முள்

ஏரியில் மீன் கிடைக்காமல் போனது தன் வாயால்தான் என்று ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள் அவள். அப்படிச் சொன்னவர் அவள் கணவர், சலூன் வைத்திருப்பவர். சலூனில் காலையில் சொன்னது மாலைக்குள் நூறு காதுக்குப் போய்விடும்.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிறுதோறும் இருவருமாகத்தான் போவார்கள். கெண்டையும் விழும், பேச்சும் ஓடும். திடீரென்று மீன் நின்றுபோனது. "உன் குரல் தண்ணிக்கு அடி வரைக்கும் போகுது. நீ வீட்டுலயே இரு" என்றார். அவள் போகாமலும் மீன் வரவில்லை. "பயந்த மீன் லேசுல திரும்பாது" என்று அந்தப் பழியும் அவள் தலையிலேயே விழுந்தது. அவளுடைய தையல் கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட 'மீன்விரட்டி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிரித்து வைத்தாள். ஆனால் போனில் மகளிடம் பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்தப் பழகிவிட்டாள்.

இந்த ஞாயிறு அவருக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. தூண்டில் கோலைப் பிடிக்க ஆள் வேண்டும்.

"வா. ஆனா மூச்சு விடக் கூடாது."

"மூச்சு விடலாமா, பேசக் கூடாதா?"

"ரெண்டையும் குறைச்சுக்கோ."

வேக வைத்த மாவு உருண்டையை முள்ளில் கோத்து, காலை ஆறு மணிக்கு அவர் காட்டிய இடத்தில் அவள் வீசினாள். இனி மாலைவரை தூண்டிலைத் தொடக் கூடாது. அது அவருடைய சட்டம். மாலையில் எடுக்கும்போது முள் வெறுமையாக இருக்கும். "முள்ளைத் தொடாம இரையை மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு பாரு. படிச்ச மீன்" என்று மெச்சிக்கொள்வார்.

அவள் பையிலிருந்து ஒரு குழந்தை கவுனை எடுத்து விளிம்பு தைக்க உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கோலின் நுனி விட்டு விட்டு நடுங்கியது.

"ஏங்க, ஏதோ இழுக்குது" என்றாள் கிசுகிசுப்பாக.

"காத்து. தொடாத."

காற்றா? நூல் சிக்கினால் துணி எப்படி இழுபடும் என்று இருபது வருடமாக அவள் விரலுக்குத் தெரியும். ரீலைச் சுற்றினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

முள்ளோடு ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது, இந்த ஏரியில் அவர்கள் இதுவரை பார்த்திராத பிராணி. இறால் உடம்பு, நண்டுக் கொடுக்கு. ஒரு கொடுக்கால் முள்ளைப் பிடித்துக்கொண்டு, மறு கொடுக்கால் கடைசித் துணுக்கு மாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கரையைத் தொட்டதும் சாவகாசமாக இறங்கித் தண்ணீருக்குள் போனது.

இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

"எப்பவாவது ஒண்ணு..." என்று இழுத்தார் அவர்.

அவள் பைக்குள் கையை விட்டாள். கவுனில் மிஞ்சிய நெட் துணியை இரண்டு மடிப்பாக ஒரு உருண்டையின் மேல் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டினாள். கட்டிய உருண்டையையும் கட்டாத உருண்டையையும் காலடியில், தெளிந்த தண்ணீரில் அருகருகே வைத்தாள். கல்லிடுக்கிலிருந்து முதலில் ஒன்று வந்தது. பிறகு நான்கு. பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். பிளாஸ்கிலிருந்து அவர் ஊற்றிக்கொண்ட தேநீர் ஆறுவதற்குள் கட்டாத உருண்டை காணாமல் போனது. கட்டியதைப் புரட்டின, இழுத்தன, சுரண்டின. வலைக்குள் அது முழுசாக இருந்தது.

"பத்து நிமிஷம்" என்றாள். "காலையில ஆறு பத்துக்கே இரை போயிடுது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெறும் முள்ளு. ஆறு வருஷமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. என் வாய்னு ஏங்க சொன்னீங்க?"

அவர் வெறும் முள்ளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர். அந்த முகத்தில் இப்படி ஒரு வெறுமையை அவள் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்த தபால்காரர் சுற்றிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணே, மீன்விரட்டியையே கூட்டிட்டு வந்துட்டீங்க? இன்னைக்கு எங்களுக்கும் பட்டினிதானா?"

வழக்கம்போல் அவர் சிரிப்பார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பேரு இனிமே வேண்டாம்பா" என்றார் அவர். "நான் வெச்சது. ஆறு வருஷமா வெறும் முள்ளைப் போட்டுட்டு உக்காந்திருந்திருக்கேன். அவ மேல தப்பே இல்ல. உன் தூண்டிலை எடுத்துப் பாரு, போ."

தபால்காரர் சிரிக்கலாமா என்று யோசித்தார். தண்ணீருக்குள் ஊர்ந்தவற்றைப் பார்த்தார். செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் தன் கரைக்கு ஓடினார்.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

"கடையிலயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"ஒவ்வொருத்தர்கிட்டயுமா?"

"பாதி முடி வெட்டினதும் சொல்லுங்க. யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

வலை கட்டிய உருண்டையை முள்ளில் கோத்து வீசினாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். மீன் இல்லை. இரை இருந்தது.

"சரி" என்றார் அவர், தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஏதாவது பேசேன்."

"எங்கருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றாள் அவள். ஏரி முழுக்கக் கேட்டது.