கணவன் குரலுக்கு ஒரு கிரேடியன்ட்

பெரிய காந்தத்துக்குள் வைத்த பொருளின் அணுக்கள் தரும் சிக்னலைப் பிடிக்கும் என்.எம்.ஆர். இயந்திரத்தை ஓட்டும் அவளுக்கு வெளியூர் ஆய்வகம் ஒன்றில் தலைமைப் பொறுப்பு கிடைத்திருந்தது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போ என்றோ போகாதே என்றோ கணவன் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்துக் கிடந்தாள். சொல்லத்தான் அவள் இயந்திர அறைக்கே வந்தான் மகராசன், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய காந்தம்?" என்றார் மர ஸ்டூலில் உட்கார்ந்த மாமனார்.

"வீட்டை யாரு பாத்துக்கிறது?" என்றாள் மாமியார்.

"என் தம்பி சாப்பாட்டுக்கு எங்க போவான்?" என்று கீபோர்டின் மேலேயே சாய்ந்தாள் நாத்தனார். அந்தப் பச்சைக் குழந்தைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அவன் உதடும் அசையத்தான் செய்தது. இந்தச் சந்தைக்கடையில் யார் காதில் விழும்?

அவளுக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. வேண்டாத சிக்னல்களுக்குத் தினமும் செய்வதை இவர்களுக்கும் செய்தாள். கிரேடியன்ட் என்பது காந்தப்புலத்தைக் கண நேரம் ஒரு பக்கமாகச் சாய்க்கும் துடிப்பு. முதல் துடிப்பில் எல்லா சிக்னலும் இடத்துக்கொரு திசையாக முறுக்கிக்கொள்ளும், கூட்டினால் பூஜ்யம். இரண்டாவதை அளந்து கொடுத்தால், வேண்டியது மட்டும் முறுக்கு அவிழ்ந்து நிமிரும். மற்றவை வாயடைத்துக் கிடக்கும்.

முதல் துடிப்பு. மாமனாரின் உபதேசம் பாதி ஜன்னலுக்கும் பாதி சுவருக்குமாகத் திரும்பி அடங்கியது. மாமியாரின் வாய் சும்மா திறந்து மூடியது. நாத்தனார் தன் குரலைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தாள்.

இரண்டாவது, கணவனுக்கென்றே கணக்குப் போட்டது. ஆனால் அவனிடமிருந்தும் சத்தமில்லை.

'ஐயையோ, குறியை மாத்திப் போட்டுட்டேன்!' கூட்டல் இருக்கவேண்டிய இடத்தில் கழித்தல். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்கும் இடம். பதறிப்போய்த் திருத்தி, மறுபடி துடிப்பு கொடுத்தாள்.

அவன் குரல் கணீரென்று வந்தது. "அக்கா என்ன சொல்றாங்களோ, அதேதான்."

அக்கா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"சரிக்கா," என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் போடும் கூச்சலில்தான் அவன் குரல் அமுங்கிப்போகிறது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாளே!

மேஜை மேலிருந்த போனை எடுத்தாள்.

"வர்றேன் சார். எப்ப சேரணும்னு சொல்லுங்க."

அறையில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.