பஞ்சுக்கோழியின் பேத்தி

1966 ஆகஸ்டு முதல், பிச்சாட்டூர் ஏரியை ஒட்டிய மிஷன் தெருவில் குடியிருந்த தபீதாளுக்கு, ஒரு கோழியின் இறகுக்குள் கை இருக்கும் நேரம் மட்டும் கண் தெரிந்தது. நாலு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனவள். கோழி வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கையை எடுத்தால் பழையபடி இருட்டு. ஊர் இதற்கு ஒன்பது நாள் ஆச்சரியப்பட்டது. பத்தாம் நாள் தடா போகிற பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

கோழியைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் கிருபானந்தம். திருப்பதியில் ஒரு கல்லூரியின் கோழிப்பண்ணையில் கூண்டு கழுவுகிற வேலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வெங்கடரமணன் நடத்திய பாடத்தை, இந்தப் பக்கம் விளக்குமாறும் கையுமாக ஏழு வருஷம் கேட்டவன். பரீட்சை வைத்திருந்தால் பாஸ் செய்திருப்பான், யாரும் வைக்கவில்லை. மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று எங்கிருந்தோ ஒரே ஒரு வெள்ளைக் கோழியை வரவழைத்திருந்தார்கள். மற்றக் கோழிகளின் இறகில் இழையோடு இழை கொக்கி போட்டுக் கோத்திருக்கும். இதற்கு அந்தக் கொக்கி கிடையாது, உடம்பு முழுக்கப் பிரித்துப் போட்ட பஞ்சு. பாடம் முடிந்ததும், இது முட்டைக்கும் ஆகாது கறிக்கும் ஆகாது, நீயே எடுத்துக்கொண்டு போ என்று வாத்தியார் தெலுங்கில் சொல்லிவிட்டார். பெண்டாட்டிக்குத் தொட்டுப் பார்க்க மெத்தென்று ஒன்று இருக்கட்டுமே என்றுதான் அவன் அதைச் சனிக்கிழமை பஸ்ஸில் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தான். வேறு எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை.

மடியில் வாங்கி விரலை உள்ளே விட்டவள், எதிரே நின்ற உருவத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு கையை நீட்டி அதன் மூக்கு, கிழிந்த காது மடல், மோவாய் எல்லாவற்றையும் தடவிச் சரிபார்த்தாள். "நீங்கதானா இது? கையால பாத்தப்போ இத்தினி கறுப்பா தெரியலியே," என்றாள். கிருபானந்தம் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தான்.

அந்தப் பார்வைக்கும் சில கணக்குகள் இருந்தன. கோழி தூங்கினால் அதுவும் தூங்கிவிடும். ஆகவே கோழி அடைகிற நேரத்துக்கு மேல் அவளுக்கு உலகம் கிடையாது, நட்சத்திரத்தை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. இறகு உதிர்க்கும் மாதங்களில் எல்லாம் கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல மங்கும். கோயிலுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போனாள். பிரசங்கத்தின்போது கோழி தூங்கிவிடும். தூங்கியது கோழி மட்டும் அல்ல என்பதால் போதகர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

கோழிக்கு ஆயுசு மிஞ்சிப்போனால் ஏழெட்டு வருஷம். கிருபானந்தத்துக்கு அந்தக் கவலை முதல் மாதமே வந்துவிட்டது. தெருவில் இருந்த நாட்டுச் சேவலோடு அதைச் சேர்த்துப் பத்துக் குஞ்சு எடுத்தான். பத்தும் சாதாரண இறகு. தபீதாள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள், பத்தும் இருட்டு. அவன் அடுப்புக் கரியால் சுவரில் நாலு கட்டம் போட்டு விளக்கினான். பஞ்சுக்குணம் போய்விடவில்லை, பிள்ளைகளிடம் ஒளிந்திருக்கிறது, பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்றில் வெளியே வரும். பிள்ளைச் சேவலைத் தாய்க்கோழியோடு சேர்த்தாலோ பாதிக்குப் பாதி வரும், சீக்கிரம். தபீதாள் காதைப் பொத்திக்கொண்டாள். "தாயும் புள்ளயுமா? நம்ம வூட்டுல அந்தப் பாவம் நடக்காது," என்று சொல்லி, சுவரையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

அவன் விட்டுவிட்டான். அவள் ஒன்றைச் சொன்னால் அவன் விட்டுவிடுகிறவன். இரண்டு வருஷத்தில் பருந்தும் கீரியும் போக, அந்தப் பத்தில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் மிஞ்சின. 1969 தை மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் பூசணியும் நெல்லும் ஆடும் கோழியும் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள், ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் விடுவார்கள், மதம் பார்க்காமல் சுற்றுவட்டாரமே ஏலம் எடுக்க வரும். கிருபானந்தம் திருப்பதியில் இருந்தான். ஒன்றுக்கும் உதவாததுதானே என்று தபீதாள் அந்தப் பெட்டையைக் காணிக்கையாகக் கொடுத்தாள். ஊர்த்தெருப் பொன்னியம்மா அதை ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை வந்த கிருபானந்தம் கூடையைத் திறந்து பார்த்தான், மூடினான், கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

மார்ச்சில் வெள்ளைக் கழிச்சல் வந்தது. ஒரே வாரத்தில் தெருவில் கோழிச் சத்தமே இல்லை. பஞ்சுக்கோழி தபீதாளின் மடியிலேயே செத்தது. விளக்குத் திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுபோல முதலில் ஏரி போயிற்று, பிறகு தெரு, பிறகு சுவர், கடைசியில் அவளுடைய கையே போய்விட்டது. அப்போது அவளுக்கு ஏழு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளை. கண் போனதற்கு அவள் அழவில்லை, அதுதான் பழகினதாயிற்றே. பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டோமே என்றுதான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட யாரும் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கல்லூரியில் அந்த ஜாதிக் கோழி வேறு இல்லை. வெங்கடரமணன் இரண்டு ஊருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார், பதில் வரவில்லை. அந்தச் சேவல் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அதன் கூடப்பிறந்தது பொன்னியம்மா வீட்டில் இருந்தது. அண்ணனும் தங்கையுமாயிற்றே என்று கிருபானந்தம் இழுத்தான். தபீதாள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "ஆபிரகாமும் சாராளும்கூட ஒரே நைனா புள்ளைங்கதான்," என்று சொல்லி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, தடியை ஊன்றித் தானே ஊர்த்தெருவுக்கு நடந்தாள்.

அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. பொன்னியம்மாவின் புருஷன் முனிசாமி மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவன். அவன் எழுந்தால் ஜாத்திரையில் கோழி அறுக்கிறேன் என்று அவள் கங்கையம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கோழிதான் இது, காலில் மஞ்சள் துணிகூடக் கட்டியாயிற்று.

"அக்கா, வேற கோழி நான் குடுத்துடறேன்," என்றாள் தபீதாள்.

"சாமி கோழிய மாத்தக்கூடாது தபீதா. மாத்துனா என் தாலிக்கு ஆவாது." பொன்னியம்மா எதிரே நின்ற வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று, "நான் நேந்துகினது கோழியத்தான். முட்டைய நேந்துக்கல. உன் சேவலக் கொணாந்து வுடு," என்றாள்.

சேவல் மறுநாளே விருந்தாளியாகப் போயிற்று. பதின்மூன்று முட்டையைப் பொன்னியம்மா தன் அடைக்கோழியில் வைத்தாள், எட்டு பொரிந்தது. ஜாத்திரையன்று அந்தப் பெட்டைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொன்னது. ஊர்த்தெருவில் பம்பைச் சத்தம் கேட்டபோது மிஷன் தெருவில் தபீதாளுக்கு வலி எடுத்தது. பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தது. கிரேஸ் என்று பேர் வைத்தார்கள். மூக்கு, காது, பத்து விரல் எல்லாவற்றையும் தபீதாள் கையாலேயே பார்த்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாரிடமும் நிறம் என்ன என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொருத்தரும் அவள் மனம் நோகாதபடி ஒவ்வொன்று சொன்னார்கள்.

எட்டுக் குஞ்சும் அடைகாத்த கோழியோடு மிஷன் தெருவுக்கு வந்துவிட்டன. நாலுக்கு ஒன்று என்பது கணக்கு, யாருக்கும் எழுதிக் கொடுத்த வாக்கு அல்ல என்று வெங்கடரமணன் சொல்லி அனுப்பியிருந்தார். தினம் காலையில் தபீதாள் குஞ்சுகளைப் பிடித்து இறக்கையில் விரல் வைத்துப் பார்ப்பாள். மூன்றாம் வாரம் ஒன்றுக்கு இறகு முளைத்தது. பிறகு இரண்டாவதுக்கு, நாலாவதுக்கு. முளைக்க முளைக்க அவள் முகம் வாடியது. ஐந்தாம் வாரம் ஏழு குஞ்சுக்கு ஒழுங்கான இறகு வந்துவிட்டது. எட்டாவதுக்கு வரவில்லை. அதை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, முதலில் புகை மாதிரி என்னமோ தெரிந்தது. அது சுவர். சுவரில் அவள் துடைத்த கட்டங்களின் கரி இன்னும் லேசாக இருந்தது.

"புள்ளயத் தூக்கினு வாங்க!" என்று கத்தினாள்.

கிருபானந்தம் கொண்டுவந்து எதிரே பிடித்தான். அவள் குழந்தையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடியும் குழந்தையைப் பார்த்தாள். "நைனாவாட்டமே கறுப்பு," என்றாள். அதைவிடச் சந்தோஷமாக எதையும் அவள் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை.

அந்தக் குஞ்சு பெட்டையாக வளர்ந்தது. அதற்குப் பிறகு வீட்டில் பஞ்சுக்கோழி இல்லாத நாள் கிடையாது. ஒன்றுக்கு மாற்றாக ஒன்றை ஒளித்துவைக்க வேண்டும் என்பதைக் கிருபானந்தம் கற்றுக்கொண்டான். வருஷம் தவறாமல் ஜாத்திரைக்கு முன்னால் பொன்னியம்மா வீட்டுக்கு ஒரு சாதாரணக் கோழி போயிற்று. யாரும் கேட்காமலே போயிற்று.

1988இல் கிரேஸுக்குக் கல்யாணம். நாயுடுபேட்டையிலிருந்து வந்த போட்டோக்காரர் சந்திரன், எல்லாரையும் படியில் நிற்கவைத்துவிட்டு, பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தக் கோழியைக் கீழே விடட்டும் என்றார். அங்கே இருந்தவர்களுக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே முதலில் புரியவில்லை. பிறகு பொன்னியம்மாதான், "அது இருக்கட்டும் நைனா, நீ படத்தப் புடி," என்றாள். அந்தப் படம் இன்னும் அந்த வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் மாப்பிள்ளை, பெண், கிருபானந்தம், போதகர், பொன்னியம்மா, கோழி எல்லாரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். தபீதாள் மட்டும் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.