அம்மன் குளிக்கிற இடம்

மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதே செல்வகுமாரி சொல்லிவிட்டாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்று தடவையும் மீன் அன்னக்கூடையோடு விற்கப் போன இடத்தில்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ யாரும் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மீன்காரி விலை சொன்னால் காது கொடுப்பார்கள், பேரம் பேசுவார்கள். கடலைப் பற்றிச் சொன்னால் மட்டும், "அது கெடக்குது, நெத்திலி இன்னா வெல?" என்பார்கள்.

அவள் மீன் விற்கப் போகிற ஊர் கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே இருந்தது. நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். கடல் கூப்பிடு தூரம்தான் என்றாலும் வருஷம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத ஜனம். மாசி மகத்தன்று மட்டும் அம்மனை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு செல்வகுமாரியின் குப்பத்துக் கரைக்கு வந்துவிடும். அம்மனுக்குத் தீர்த்தவாரி. அம்மன் கடலில் முழுகி எழுந்ததும் ஊரே முழுகும்.

முழுகட்டும், யார் வேண்டாம் என்றது? எங்கே முழுகுவது என்பதில்தான் வழக்கு.

அலையடிக்கிற இடத்தில் இறக்கினால் விக்கிரகம் கவிழ்ந்துவிடும் என்று பயந்து, கோயில் கமிட்டித் தலைவர் தங்கராசு நான்கு வருஷத்துக்கு முன் ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து விழும். நடுவில் முப்பது அடி அகலத்துக்கு அலையே கிடையாது, ஏரித் தண்ணீர் மாதிரி அடங்கிக் கிடக்கும். அம்மனுக்கென்று கடல் தானாக வழி விட்டிருக்கிறது என்று அவர் மைக்கில் சொன்னார். அன்றிலிருந்து பந்தல் அங்கேதான்.

அது என்ன வழி என்று குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கரையில் வந்து விழுகிற தண்ணீரெல்லாம் ஒன்றுகூடித் திரும்பக் கடலுக்குள் போகிற வழி. குப்பத்தில் அதை இழுப்பு என்பார்கள். படகு இறக்குகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள், பாதி வேலையைத் தண்ணீரே பார்த்துவிடும் என்பதற்காக. படகையே கொண்டுபோகிற தண்ணீருக்குப் பிள்ளைகள் எம்மாத்திரம்?

"தலைவரே, பந்தல வடக்கால தள்ளிப் போடுங்க. அங்க அலை ஒடையும், ஆனா அடியில மேடு. முட்டியளவு தண்ணியில புள்ளைங்க கையப் புடிச்சிக்கினு நின்னு முழுகலாம். விழுந்தாக்கூட அலை கரைக்குத் தள்ளும். நீங்க போட்ற எடம் உள்ள இழுக்கும்."

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னா செல்வகுமாரி, நல்ல காரியம் பேசச்சொல்ல இப்படிப் பேசற? வாயில வசம்பு வெச்சித் தேய்க்கணும் உனக்கு. அம்மன் குளிக்கிற எடத்துல யாருக்கு இன்னா வந்துடப் போவுது?"

"அம்மனுக்கு ஒண்ணும் வராது தலைவரே. அத நாலு ஆளு புடிச்சிக்கினு இருப்பீங்க."

அவருடைய மருமகள் ஜோதிலட்சுமியிடம் சொன்னாள். எட்டு வயதில் பெண் வைத்திருக்கிறவளாயிற்றே, அவளுக்காவது உறைக்கும் என்று பார்த்தாள். ஜோதிலட்சுமி நெத்திலியைக் கிளறிக்கொண்டே, "அலையைப் பாத்தா கீர்த்தி பயந்துக்குதுக்கா. அங்கதான் தண்ணி கம்முனு இருக்குது" என்றாள்.

"கம்முனு இருக்குற தண்ணிதான்டி ஆளக் கொண்டும்போவும்."

"அட இன்னாக்கா நீ, கடலு இன்னா உங்க குப்பத்துக்குப் பட்டா போட்டுக் குடுத்ததா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். செல்வகுமாரிக்குச் சுருக்கென்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மூன்றாவதாகச் சொன்னது மறுபடியும் தங்கராசுவிடம்தான். இந்த முறை அவர் சிரிக்கக்கூட இல்லை. செவிடன் காதில் ஊதின சங்கு.

அவளுக்கு என்ன, ஊர்க்கவலையா? இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே கவலை, அதன் பெயர் தணிகைவேல். அவள் புருஷன். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அந்த இழுப்பில் யாராவது மாட்டுவார்கள், இவன் விழுந்தடித்து ஓடி இழுத்து வருவான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இரண்டு பையன்கள். போன வருஷம் ஒரு தடியன் இவன் கழுத்தையே கட்டிக்கொண்டு தொங்கியதில் வலது தோள் பிசகிவிட்டது. கட்டுப் போட்டு ஏழு வாரம் தொழிலுக்குப் போகவில்லை. இப்போதும் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பாது. ஒற்றைக் கையோடு இந்த வருஷமும் இறங்கினால் திரும்ப மாட்டான் என்பது அவளுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது.

"யோவ், இந்த வருசம் நீ எறங்கக் கூடாது. எம் மேல சத்தியம்."

"சரி" என்றான் தணிகைவேல். கடைக்குப் போனால் உப்பு வாங்கி வா என்றால் சொல்வானே, அந்தச் சரி.

மகத்தன்று குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. படகெல்லாம் மேட்டில் கிடந்தன. விடிந்ததும் செல்வகுமாரி வலைக்கு மிதவையாகக் கட்டுகிற வெள்ளைக் காலி கேன்கள் நான்கைக் கயிற்றோடு கொண்டுபோய்ப் பந்தல் காலில் கட்டி வைத்தாள். பத்து மணிக்கு டிராக்டர்கள் வந்தன. மேளம் வந்தது, மைக் வந்தது. தங்கராசு வந்து கேன்களைப் பார்த்தார்.

"அம்மன் பக்கத்துல இன்னாடா இது காலி கேனு? வீடியோவுல அசிங்கமா விழும். எடுத்து அந்தாண்ட போடுங்கடா."

எடுத்து அந்தாண்ட போட்டார்கள். செல்வகுமாரி வாயைத் திறப்பதற்குள் நாயனம் ஆரம்பித்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா.

அம்மன் இறங்கினாள். நாலு பேர் இறுகப் பிடித்திருக்க மூன்று முறை முழுகினாள். அம்மனைப் பந்தலில் ஏற்றினார்களோ இல்லையோ, ஜனம் மொத்தமும் தண்ணீருக்குள் இறங்கியது. செல்வகுமாரி ஓரத்தில் நின்று கத்தினாள். "வடக்கால போங்க! உள்ள போவாதீங்க! புள்ளைங்களக் கைய வுடாதீங்க!" ஒரு கிழவர் அவளைப் பார்த்து, பயப்படாதே என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜோதிலட்சுமியின் புருஷன் அரசு, மகள் கீர்த்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். இன்னொரு கையில் போன். இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் எடுத்தான். இன்னும் இரண்டு எட்டு வைத்தான். அதற்கப்புறம் தரை இல்லை.

அவன் நீச்சல் தெரியாதவன் இல்லை, ஏரியில் அக்கரை போய் வந்தவன். அதுதான் வினை. ஏரியில் நீந்துகிற மாதிரி கரையைப் பார்த்து நேராக நீந்தினான். அவன் எத்தனை கை போட்டாலும் கரை தள்ளித்தான் போனது. கைநழுவிய கீர்த்தி அவனையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜோதிலட்சுமி வீறிட்டாள். மேளம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தலை விரிந்து, கையை விரித்துக்கொண்டு அவள் கத்துவதைப் பார்த்த பெண்கள், "அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா" என்று ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி நெற்றியில் திருநீற்றை அப்பினாள். இன்னொருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று அவள் திமிறத் திமிற மேளக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள்.

"சாமி இல்லடி! புள்ள போவுது, புள்ள!" செல்வகுமாரி அந்தப் பெண்களைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கேனைத் தேடி ஓடினாள். டிராக்டருக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றைக் கயிற்றோடு உருவிக்கொண்டு திரும்பியபோது தணிகைவேல் எதிரில் நின்றான். லுங்கியை ஏற்கெனவே அவிழ்த்துப் போட்டிருந்தான்.

அவள் கேனைக் கொடுக்கவில்லை. ஒரு கணம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை நீட்டினான். அந்த வலது கையை. கொடுத்துவிட்டாள்.

அவன் இழுப்பிலேயே நேராக விழுந்தான். தண்ணீர் அவனையும் கொண்டுபோனது. சீக்கிரம் போக அதுதான் வழி. அரசுவைக் கடக்கும்போது, "கரையப் பாக்காத! வடக்கால பக்கமா போ!" என்று அவன் கத்தியது மேளத்தையும் மீறிக் கரை வரை கேட்டது. அரசு கேட்டானா தெரியவில்லை. கரையிலிருந்து மூன்று தலை தெரிந்தது. அப்புறம் இரண்டு. செல்வகுமாரி எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. தங்கராசுவை, ஜோதிலட்சுமியை, பந்தல்காரனை, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே நின்றாள். நிறுத்தினால் அவன் போய்விடுவான் என்று தோன்றியது.

மறுபடி மூன்று தலை. கேன் கீர்த்தியின் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. அரசு இப்போது பக்கவாட்டில் கை போட்டுக்கொண்டிருந்தான். கரைக்கு வராமல், கரையை ஒட்டியே வடக்கே போனார்கள். அலை உடைகிற இடம் வந்ததும் அலையே மூன்று பேரையும் தூக்கிக் கரையில் போட்டது.

கீர்த்தி வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தில்தான் மேளம் நின்றது. 108-க்கு யாரோ போன் போட்டார்கள். செல்வகுமாரி தணிகைவேலின் முதுகில் படபடவென்று அடித்தாள். "சொன்னனாய்யா, சொன்னனாய்யா!" அவனால் வலது கையை அசைக்க முடியவில்லை. இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிக்காதடி, தோளு" என்றான்.

தங்கராசு பேத்தியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அதைப் பார்த்து செல்வகுமாரிக்கே மனசு கரைந்தது. சரி, மனுஷனுக்கு இப்போதாவது புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவர் எழுந்து வந்து, அம்மனுக்குச் சாத்தின பட்டுத் துணியைத் தணிகைவேல் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"அம்மன் எம் பேத்திய இந்த எடத்துலதான் திருப்பிக் குடுத்துருக்கா. இது சத்தியமான எடம். அடுத்த வருசம் பந்தல் இல்ல, இதே எடத்துல சிமிட்டி மேடையே கட்டப் போறோம்!"

ஊர் கை தட்டியது.

செல்வகுமாரி புருஷன் தலையிலிருந்து பரிவட்டத்தை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். தங்கராசுவின் கையில் வைத்தாள்.

"மேடையில எம் புருசன் பேரையும் இப்பவே செதுக்கி வெச்சிடுங்க தலைவரே. அடுத்த வருசம் தேடிக்கினு இருக்க வாணாம்."

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா நீ, நல்ல நாளும் அதுவுமா" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு அன்னதான விவரம் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் பார்த்தாள். அந்த அடங்கின தண்ணீரில் மறுபடி இரண்டு பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. தணிகைவேல் எழுந்திருக்கப் பார்த்தான். செல்வகுமாரி அவனை மணலில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

அவளுக்கு முன்னால் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். தலை விரிந்திருந்தது, நெற்றி நிறையத் திருநீறு, கையில் இன்னும் அந்த வேப்பிலைக் கொத்து. ஜோதிலட்சுமி அதை ஓங்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏய், வெளிய வாங்கடா! கம்முனு இருக்குற தண்ணிடா அது! கம்முனு இருக்குற தண்ணிதான்டா ஆளக் கொண்டும்போவும்!"