எங்கள் முன்வாசலும் கவுன்சிலின் முன்வாசலும்

கதவு எது என்பதில்தான் நான் தவறிவிட்டேன். எங்கள் தீவு ஊரான ஸ்ட்ராம்னஸில் கரையோர வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பவை. தபால்காரர் முதல் எல்லோரும் சந்து வழியாக நடந்து கடல் பக்கக் கதவுக்குத்தான் வருவார்கள். எங்களுக்கு அதுதான் முன்வாசல். மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட, இந்த ஆண்டு புதிதாக வந்த விதிப்படி உரிமம் கேட்டிருந்தேன். விண்ணப்ப அறிவிப்பை இருபத்தொரு நாள் ஊர் பார்வையில் ஒட்டி வைக்க வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் அந்தக் கதவிலேயே ஒட்டினேன்.

இருபதாம் நாள், ஏப்ரல் எட்டு, உரிமம் தரும் ஊர் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் சோதனைக்கு வந்தாள். புகை அலாரங்களை அழுத்திப் பார்த்தாள். எரிவாயுச் சான்றிதழை வாங்கிப் படித்தாள். எல்லாம் சரி. புறப்படும்போது கதவில் இருந்த அறிவிப்பைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இத யாரு படிப்பாங்க, தோரா?"

"வர்றவங்க."

"படகுல வர்றவங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தெருவுல போறவங்க படிக்கணும். மறுபடியும் இருபத்தொரு நாள். யாரும் ஆட்சேபம் எழுதலேன்னா மாசக் கடைசியில உரிமம் வந்துடும். எழுதினா கமிட்டிக்குப் போகும். அது ஜூலை ஆயிடும்."

மே மூன்றாம் தேதி முதல் விருந்தினர்கள் வருகிறார்கள். உரிமம் இல்லாமல் ஒருவரையும் தங்க வைக்கக் கூடாது. இந்தக் கோடை போனால் வீட்டை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. கடலுக்கு அப்பால் அபர்டீனில் என் தங்கை எனக்காக ஓர் அறையை ஒழித்துத் திரைச்சீலை கூடத் தைத்துவிட்டாள். பச்சைப் பூப்போட்டது. பல நாட்களாக அந்தத் திரைச்சீலைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

என் வீடு சந்துக்குள் தள்ளி இருப்பதால் தெருப் பக்கம் எனக்குச் சுவரே கிடையாது. சந்தின் முகப்பில் இருப்பது பக்கத்து வீட்டுச் சிகுர்டின் சுவர். படகில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன கோடையில் என் விருந்தினர்கள் முதல் படகைப் பிடிக்க விடிகாலை ஐந்து மணிக்கு அவர் ஜன்னலுக்குக் கீழே கல்பாவிய தரையில் சக்கரப் பெட்டிகளை உருட்டிப் போனார்கள். போன ஆகஸ்டிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அரை மணி நேரம் சந்திலேயே நின்றுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"எட்டு மாசம் கழிச்சு வழி தெரிஞ்சுதாக்கும்," என்றார். "உக்காரு. டீ இருக்கு."

"உங்க சுவர் வேணும், சிகுர்ட்."

"எங்க தூக்கிட்டுப் போகப் போற?"

அறிவிப்புக் காகிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்லி ரொட்டியில் வெண்ணெய் தடவினார். ஓரம் வரை தடவினார். ஜன்னல் கண்ணாடியைக் காற்று தள்ளிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு நான் ஆட்சேபம் எழுதலாமா?"

"எழுதலாம். அதுக்குத்தான் ஒட்டறது."

"என் சுவத்துல ஒட்டி எனக்கே சொல்ற. தைரியந்தான் உனக்கு."

"தைரியம் எல்லாம் இல்ல. வேற சுவர் இல்ல. இனிமே சந்துல பெட்டியத் தூக்கிட்டுத்தான் போகணும்னு வர்றவங்ககிட்ட எழுதி வாங்கிடறேன்."

"அவங்க எழுதிக் குடுத்துட்டு உருட்டுவாங்க."

எழுந்து போனார். ஒரு பலகையும் திருகாணிகளும் கொண்டு வந்தார். "பசையெல்லாம் இந்தக் காத்துல ஒரு நாள் தாங்காது. வா."

காகிதத்தைப் பலகையில் பொருத்தி அவர் சுவரில் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். முடிந்ததும் அவர் காகிதத்தில் மூக்கு உரசும்படி குனிந்தார்.

"கண்ணாடி உள்ள கிடக்கு. எழுதறதுன்னா எங்க அனுப்பணும்?"

"எழுதப் போறீங்களா?"

"முடிவு பண்ணல. விலாசத்தப் படி."

சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் ஒரு பழைய உறையையும் எடுத்தார். நான் கடைசி வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தேன். எழுதியதை அவர் உரக்கத் திருப்பிச் சொன்னார். அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் தவறாக இருந்தது; அப்படியே அனுப்பினால் ஆட்சேபம் நேரத்துக்குப் போய்ச் சேராது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தெருவில் யாரோ எங்களைக் கடந்து போகும் வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"ஆறு இல்ல, சிகுர்ட்," என்றேன். "அஞ்சு."

அவர் அடித்துத் திருத்தி எழுதினார்.