தலைவர் மண்டபத்தில் மாடுகள்

“கறந்துட்டு வந்துடறேன்டி. மடி கட்டிக்கிச்சுன்னா மாடு அவ்ளோதான்!”

சொல்லிக்கொண்டே நாதிரன் மோட்டார் சைக்கிளை மலைப்பக்கம் திருப்பினான். முகாமாகிவிட்ட பள்ளிக்கூட வாசலில் அவன் மனைவி சுத்தியெம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஊரைக் காலி செய்யச் சொல்லி நேற்றே உத்தரவு வந்தாயிற்று. ஆனால் பொழுது சாய்ந்தால் ஆண்கள் ஒவ்வொருவராக மேலே கிளம்பிவிடுகிறார்கள். புல் அறுக்க, பால் கறக்க. மலை கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், பயம் மறந்துவிடும்.

மலை சும்மா இல்லை. காலையிலிருந்து வயிற்றுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது. ‘செம்மறி’ இறங்கப்போகிறது. சுருள் சுருளாக உருண்டு வந்து ஊரையே வேகவைக்கும் சுடுமேகத்துக்கு ஜாவாவின் அந்த எரிமலைச் சரிவில் அதுதான் பெயர்.

ஊரைக் காலி செய்யும் ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. முதலில் மாடு, அப்புறம் மனிதர்கள். மாடுகளுக்கென்று கீழே கொட்டகை கட்டி, ஊர்த்தலைவர் ஹர்தோனோ ரிப்பன் வெட்டினார். சுத்தியெம்தான் ஒத்திகைக் குழுவின் தலைவி, கைதட்டியவளும் அவள்தான்.

இன்று அந்தக் கொட்டகை நிறைய ஜீப்புகள். சுற்றுலாக்காரர்களுக்கு எரிமலை காட்டும் தலைவரின் ஜீப்புகள்.

அவள் நேராக, முகாமுக்குப் பக்கத்தில் இருந்த தலைவர் வீட்டுக்கு நடந்தாள். அவர் முன்மண்டபத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். பளபளவென்று புதுத் தரை.

“தலைவரே, ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க.”

“வெளிய நிறுத்தினா சாம்பல் விழுந்து பெயின்ட் போயிடும்மா. மாட்டை விடு. மனுஷ உயிருதான் முக்கியம்.”

“மாடு மேல இருந்தா மனுஷனும் மேலதான் இருப்பான்! எம்புருஷன் அங்கதான் இருக்கான்!”

“அறிவில்லாம போனா நான் என்ன பண்றது?”

சுத்தியெம் விடுவிடுவென்று வெளியே வந்தாள். சிலர் முன்னமே ஓட்டி வந்திருந்த மாடுகள் மாமரத்தடியில் சாம்பல் படிந்து நின்றன. முதல் கயிற்றை அவிழ்த்தாள்.

“ஏய், எங்கடி ஓட்டற?” என்றாள் மாட்டுக்காரி பர்த்தினா.

“தலைவர் வீட்டுக்கு. நீயும் ஓட்டு!”

பர்த்தினாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மற்ற பெண்களையும் கூவி அழைத்தாள். கொஞ்ச நேரத்தில் மண்டபத் தூண்களில் மாடுகள். தலைவரின் நாற்காலியை ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. மணல் லாரி ஓட்டும் பசுகியை மேலே விரட்டிவிட்டு, சுத்தியெம் நாதிரனுக்குப் போன் போட்டாள்.

“லாரி வருது. மாட்டோட ஏறு.”

“எறக்கி எங்க கட்டறது? உன் தலைமேலயா? ஒத்திகையப்பவும் கொட்டகைன்னு சொன்ன!”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. சொன்னவள் அவள்தானே.

“அடிப்பாவிங்களா! இத்தாலி டைல்ஸ்! சாணி! சாணி போடுது!” பின்னால் ஹர்தோனோ அலறினார்.

மறுமுனையில் நாதிரனின் குரல் மாறியது.

“அது... தலைவர் குரலா?”

“அவர் மண்டபத்துலதான் கட்டியிருக்கு. நல்லா கேளு!” போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஹர்தோனோ திட்டவேண்டியதையெல்லாம் திட்டினார். மாடுகளின் அம்மா வரை இழுத்தார்.

நாதிரன் சிரித்துவிட்டான். “இதோ ஏத்தறேன்டி! பக்கத்துக் கொட்டில்காரங்களையும் கூப்பிடறேன்.”

லாரி கடைசி வளைவில் தெரிந்தபோது மலை வெடித்தது. சாம்பல் நிறத்தில் செம்மறி உருண்டு இறங்கியது. தென்னந்தோப்பு, கோபுர விளக்கு, மேல்தெரு, அவர்கள் வீட்டுக் கூரை, எல்லாம் ஒரே வாயில் போயின. பள்ளத்தாக்கின் விளிம்பில் வந்துதான் மூச்சு வாங்கியது.

லாரியிலிருந்து நாதிரன் குதித்தான். தலை முதல் கால் வரை சாம்பல், கண் மட்டும் சிவப்பு. சுத்தியெம் அவன் சட்டையைப் பிடித்து ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அதே சட்டையில் முகம் புதைத்தாள்.

மண்டபத்தில் ஹர்தோனோ மலையைப் பார்த்தபடி நின்றார்.

சுத்தியெம் நிமிர்ந்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

“தலைவரே, லாரியில இன்னும் மாடு இருக்கு. நாற்காலிய எடுங்க. அப்படியே அந்தக் கொட்டகை ஜீப் சாவியும்!”